சைவக் கடைக்கு அனுப்பிய மீன் எண்ணெய்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாடு ஒரு கரண்டியோடுதான் தொடங்கும். ரொட்டிக்கும் கோப்பிக்கும் முன்னால் ஆளுக்கு ஒரு கரண்டி மீன் எண்ணெய். நோர்வேக்காரர்கள் இதை ‘த்ரான்’ என்பார்கள். கடல்மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. எண்பதும் தொண்ணூறும் தாண்டியவர்கள், ஒரு காலத்தில் கப்பல் ஓட்டியவர்கள், பள்ளிக்கூடத்தை ஆட்டிப்படைத்த அதிபர்கள், எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரிசையாக வாயைத் திறப்பார்கள். தாதி கரண்டியைச் சாய்த்துக்கொண்டே போவாள். ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. சமையலறையிலிருந்து வெண்ணெய்க் கிண்ணங்களைக் கொண்டுவரும்போது இதைப் பார்த்து எத்தனையோ நாள் எனக்குள் சிரித்திருக்கிறேன். போன வருடத்திலிருந்து சிரிப்பு வருவதில்லை. அந்தக் கரண்டி சாயும் நேரத்தில் ஏதாவது பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன். ஏன் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல வருடாவருடம் பெட்டி கட்டி ஊருக்கு அனுப்புகிறவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கண்டியில். கல்யாணம் கட்டியது யாழ்ப்பாணத்தாரை. அவர் எனக்கு முன்பே நோர்வேக்கு வந்து கரையோர ஊரொன்றில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் வந்து இறங்கியது ஒரு மார்கழி மாதம். மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டு. பக்கத்து வீட்டில் இங்கெர் என்று ஒரு கிழவி. வந்த மூன்றாம் நாள் கதவைத் தட்டி ஒரு போத்தலை நீட்டினாள். ஜன்னலைக் காட்டினாள், இல்லாத சூரியனைக் காட்டினாள், பிறகு போத்தலைக் காட்டினாள், கடைசியில் என் நெஞ்சைத் தொட்டாள். மஞ்சள் நிற எண்ணெய். எண்ணெய் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான், ஒன்று சட்டிக்கு, ஒன்று தலைக்கு. இவ்வளவு சின்னப் போத்தலில் சட்டிக்குத் தரமாட்டார்கள் என்று நானே முடிவுகட்டி, சனிக்கிழமை உச்சிமுதல் உள்ளங்கால்வரை தேய்த்துக் குளித்தேன். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் வாடை போகவில்லை. வேலை முடிந்து வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நான்தான் மீன் ஃபக்டரியில இருந்து வாறன். நீர் எங்கயிருந்து வாறீர்?”

அடுத்த வாரம் இங்கெர் எண்ணெய் எப்படி என்று சைகையில் கேட்டாள். நான் பெருமையாகத் தலையைத் தொட்டுக் காட்டினேன். எனக்குத் தலையிடி என்று நினைத்து, ஓடிப்போய் இரண்டு பனடோல் கொண்டுவந்து தந்தாள். இந்தக் கதையைக் கண்டியிலிருந்த அண்ணனுக்குக் கடிதத்தில் எழுதினேன். கடைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் அதை வாசித்துக் காட்டிச் சிரித்ததாக அண்ணி பின்னால் சொன்னார். மீன் எண்ணெய்க்கும் எங்கள் குடும்பத்துக்கும் தொடர்பு அப்படிச் சிரிப்போடுதான் ஆரம்பித்தது.

எங்களுடையது சைவக் கடை. கண்டிச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், ஆறு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடை. அப்பா தொடங்கியது. தோசை, இட்லி, உளுந்து வடை, பருப்பு வடை, வெள்ளிக்கிழமை என்றால் நெய்ப் பொங்கல். அந்தக் கடைக்குள் முட்டைகூட வந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். அப்பா தேங்காயெண்ணெயை எப்போதும் கொட்டமாட்டார். நேற்றைய சட்டியில் மிஞ்சியதை வடிகட்டி, அதன் மேல் புதுசு ஊற்றுவார். பழைய எண்ணெய் கொஞ்சம் இருந்தால்தான் வடைக்கு நிறம் வரும் என்பது அவருடைய கட்சி. அண்ணனுக்கும் அதே கட்சி. ஒவ்வொரு ஈடும் சட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வடையைப் பிய்த்து வாயில் போட்டு உப்பும் பதமும் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஈடு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அது சாப்பாட்டுக் கணக்கில் வராது, அது வேலை. விருந்தாளி வந்தால் குழம்பில் எண்ணெய் மிதக்க வேண்டும், பருப்பில் நெய் தேங்கி நிற்க வேண்டும். எண்ணெய் தெரியாத குழம்பை வைத்தால் வந்தவரை அவமதித்ததுபோல. எங்களுக்கு அன்பைக் காட்ட வேறு வழி தெரியவில்லை. இங்கே என்னடா என்றால், பால் பெட்டிக்கே கொழுப்பின் அளவைப் பார்த்து வேறு வேறு நிறம் போட்டுவைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் கொழுப்பு எடுத்த பாலுக்கும் காசு வாங்குகிறார்களே என்று நான் கணவரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

அப்பா வடைச் சட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்து செத்துப்போனார். அவருக்கு ஐம்பத்தொரு வயது. அரிகரண்டி கையில் இருந்தது. காற்றுப் பிடித்துவிட்டது என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். எட்டாம் நாள் அண்ணன் அதே சட்டிக்கு முன்னால் நின்றார். அவருக்கு அப்போது இருபது வயது, எனக்குப் பதினாலு. என்னைப் படிக்கவைத்தது, நகை போட்டது, விமானம் ஏற்றியது எல்லாம் அந்தச் சட்டியிலிருந்துதான். சாகும்வரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு நரைத்த பிறகும் பாப்பாதான்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு இங்கே இரத்தம் சோதித்தார்கள். வேறு எதற்கோ போனது. மருத்துவர் ஒரு இளம் பெண். கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திரும்பி, அப்பா இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை, ஐம்பத்தொரு வயதில் இறந்துவிட்டார் என்றேன். எப்படி என்றாள். வேலை செய்துகொண்டிருக்கும்போது என்றேன். அவள் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, எந்த இயந்திரம் என்று கேட்டாள். தொழிற்சாலை விபத்து என்று நினைத்துவிட்டாள். இயந்திரம் இல்லை, வடைச் சட்டி என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் விளக்கப் போனதில், எண்ணெய் கொட்டி வெந்து செத்தார் என்று எடுத்துக்கொண்டாள். கடைசியில் நெஞ்சைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் ஒருதரம்கூடக் கணினியைப் பார்க்கவில்லை.

“உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா?”

“ஒரு அண்ணன்.”

“இது சாப்பாட்டால் மட்டும் வருகிற கொழுப்பு மாதிரித் தெரியவில்லை. குடும்பத்தில் ஓடுவதாக இருக்கலாம். நீங்கள் மாத்திரை எடுக்க வேண்டும், நாள் தவறாமல், வாழ்நாள் முழுக்க. அண்ணனிடம் சொல்லுங்கள். அவரும் இரத்தம் சோதிக்க வேண்டும். கட்டாயம் சொல்லுங்கள்.”

நான் ‘யா, யா’ என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மாத்திரையை அன்றைக்கே வாங்கினேன். மீன் எண்ணெயை அடைத்த குளிசையை நிறுத்தாமல் போடுகிறேனே, அது போதாதா என்று அடுத்த தரம் அவளிடம் கேட்டதும் உண்டு. அதைப் போடுவது உங்கள் விருப்பம், ஆனால் உங்களுக்கு இருக்கிற கொழுப்பை அது குறைக்காது, மாத்திரைக்குப் பதில் அது இல்லை என்று நேராகவே சொன்னாள். ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் எங்கேயும் தப்பிக்க முடியாது.

அண்ணனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் வைத்திருக்கிறேன், ஒன்றும் தேறாது. வெளிநாட்டிலிருந்து பேசுகிற தொலைபேசிக்கு ஒரு குரல் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் குரலுக்குக் காய்ச்சல் வராது, கால் வலிக்காது. “நல்லா இருக்கேண்ணே, நீங்க எப்படி?” இதுதான் அது. நோர்வேயில் இருக்கிறவளுக்கு என்ன குறை என்று அங்கே எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும்போது, எனக்கும் அப்பா வியாதிதான் என்று சொல்ல வாய் வரவில்லை. மருந்து அனுப்புகிறவள் நான். அனுப்புகிறவளே நோயாளி என்றால் பெட்டிக்கு என்ன மதிப்பு? வெட்கம்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், அதற்குப் பதில் ஒரு பெரிய போத்தல் மீன் எண்ணெய்க் குளிசையைக் கட்டி அனுப்பினேன். இதயத்துக்கு நல்லது என்று போத்தலில் எழுதியிருந்தது. அதன் மேல் ஒரு நீல மீனின் படம்.

போத்தல் கிடைத்த அன்றைக்கு அண்ணன் பேசினார். குரல் தயங்கியது.

“பாப்பா, மீன் படமுல்ல போட்டிருக்கு.”

“மருந்துக்கு ஏதுண்ணே சைவம் அசைவம்? வாசமே இருக்காது. தண்ணியில முழுங்கிருங்க.”

சந்தை வேன்களின் ஹோர்ன் மட்டும் கேட்டது.

“சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஐம்பது வருடம் முட்டைகூடத் தொடாத மனிதர் அதற்கு அடுத்த நாளிலிருந்து மீனை விழுங்கினார். எப்படி விழுங்கினார் என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போத்தல் வந்ததும் முதல் வேலையாக வெந்நீரில் ஊறவைத்து மீன் படத்தை உரித்துவிடுவாராம். அலுமாரியில் வேட்டிகளுக்குப் பின்னால் வைத்திருப்பாராம். விடியற்காலையில் எழுந்ததும் குளிக்கும் முன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிறகு தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, அதற்குப் பிறகுதான் கடைக்குப் போய் விளக்கேற்றுவாராம். மாரி மழையிலும், காய்ச்சல் நாளிலும், வெள்ளிக்கிழமையிலும் அப்படித்தான். தனக்கு அவ்வளவு பெரிய காரியமாக இருந்த ஒன்று வேலை செய்யாமல் போகும் என்று அவரால் நினைத்திருக்கவே முடியாது. இது என் ஊகம். ஆனால் அண்ணனை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு, அவர் சாவதற்கு இரண்டு வருடம் முன்னால், வீட்டுக்கு ஏறும் படிகளில் நெஞ்சு அடைத்தது. எங்கள் வீடு ஹந்தானைக்குப் போகும் வீதியில், தெருவிலிருந்து அறுபது எழுபது படி மேலே இருக்கிறது. மகன் தினேஷ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். தினேஷ் அண்ணனின் ஒரே பிள்ளை, இப்போது கடையைப் பார்ப்பவன். ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கிளினிக்குக்கு வரச் சொல்லி, கொழுப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த வாரக் கடைசியில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். இங்கே காலை நேரம். அன்றைய மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் குழாயைத் திறக்கப் போனேன்.

“ஒரு வெள்ளக் குளிசை தர்றாங்க பாப்பா. அதப் போட்டா தொடையெல்லாம் உளையுது. காலைல வடைச் சட்டிக்கு முன்னுக்கு நிக்க முடியல. அந்த டொக்டர் வேற எண்ணெயக் கொறைங்கறாரு. சைவக் கடைக்காரன்கிட்டப் போயி எண்ணெயக் கொறைன்னா?” சிரித்தார். பிறகு மாத்திரையின் பேரை எழுத்துக் கூட்டி வாசித்தார். “நீ அனுப்புற மீன் குளிசை போடுறேனே, அது போதுந்தானே?”

என் உள்ளங்கையில் இருந்ததும் அதே மாத்திரை. பேர் ஒன்று, அளவும் ஒன்று. எனக்கும் தொடங்கியபோது தொடை உளைந்தது. மருத்துவரிடம் சொன்னேன், முதலில் அளவைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றினாள், வலி போய்விட்டது. இதை அவரிடம் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? “அண்ணே, நானும் இதைத்தான் போடுறேன், எனக்கும் வலிச்சது, டொக்டர்கிட்ட சொல்லுங்க, நிப்பாட்டாதீங்க.” இவ்வளவுதான். நான் சொன்னது வேறு.

“அதுவும் கொழுப்புக்கு நல்லதுதாண்ணே.”

டொக்டர் சொல்வதையும் கேளுங்கள் என்று கடைசியில் ஒட்டவைத்தேன், போனை வைக்கப் போகிற நேரத்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற மாதிரி. அவர் அதைக் காதில் வாங்கியிருக்கமாட்டார். முதல் பாதிதான் அவருக்குத் தேவைப்பட்டது. அதை நான் கொடுத்துவிட்டேன். போனை வைத்துவிட்டு என் மாத்திரையை விழுங்கினேன்.

போன ஐப்பசியில் அண்ணி கூப்பிட்டார். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், எதையும் சத்தமாகப் பேசிப் பழகாதவர். அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

“உங்க அண்ணன் படியில உக்காந்தாருங்க. எந்திரிக்கவே இல்ல.”

ஐம்பத்தெட்டு வயது. அப்பாவைவிட ஏழு வருடம் கூட இருந்தார். நான் போய்ச் சேரும்வரை வைத்திருந்தார்கள். மழை நிற்கவே இல்லை. அந்தப் படிகளில் அவரை இறக்கிக் கொண்டுபோக எட்டுப் பேர் வேண்டியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றேதான். கடைக்கு இருபது வருடமாகத் தேத்தண்ணி குடிக்க வருகிற மடவளை ஊர்த் துணி வியாபாரி ஒருவர் கண் கலங்கிச் சொன்னார்: “தங்கச்சி, நீங்க அனுப்பின மருந்துதான் மனிசன இவ்வளவு நாள் நடமாட வெச்சிச்சு. அவரே செல்லுவாரு, எண்ட தங்கச்சி மருந்தெண்டு.” நான் குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி. அதற்கு முந்தின நாள் படத்துக்கு முன்னால் வைக்க அவருடைய வேட்டி ஒன்று வேண்டும் என்று அண்ணி சொல்ல, அலுமாரியைத் திறந்தேன். வேட்டிகளுக்குப் பின்னால் இரண்டு வரிசை. ஒரு பக்கம் நான் அனுப்பிய போத்தல்கள், எல்லாம் வெறுமை, கழுவி, படம் உரித்து, மூடி போட்டு அடுக்கியிருந்தது. மற்றப் பக்கம் கிளினிக்கில் கொடுக்கிற சின்னக் காகித உறைகள். மாதம் மாதமாக ரப்பர் வளையம் போட்ட கட்டுகள். ஒவ்வொரு உறையிலும் அவர் பேர், மாத்திரையின் பேர், ஒரு நாளைக்கு ஒன்று என்று மருந்து கொடுத்தவரின் கிறுக்கல். இரண்டே இரண்டு உறைதான் பிரித்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே. ஒரு மாதம்கூடத் தவறாமல் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றிருக்கிறார். கூப்பிட்டவர்களை மதிக்க வேண்டும் என்று போயிருக்கிறார். கொடுத்ததை எறியக் கூடாது என்று கட்டிவைத்திருக்கிறார். ஆனால் விழுங்கியது என்னுடையதை. அண்ணி வந்து பார்த்துவிட்டு, “அதா? நீங்க அனுப்புனத மட்டும் ஒரு நாள் விடமாட்டாருங்க. நான்கூடக் கேப்பேன், கிளினிக் குளிசைய ஏன் போடலன்னு. பாப்பா குடுக்குறதே போதும்பாரு” என்றார். குறையாகச் சொல்லவில்லை, புருசனின் ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் வேட்டியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அப்போதும் சொல்லவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

கருமாதி அன்று காலையில் தபால் கந்தோரிலிருந்து தினேஷ் ஒரு பார்சலைக் கொண்டுவந்தான். அண்ணன் உயிரோடு இருக்கும்போது நான் அனுப்பியது. அவர் போன பிறகு வந்து சேர்ந்தது. அண்ணி அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். மத்தியானம் படையல். அண்ணனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். உளுந்து வடை, பருப்பு வடை, நெய் வழிகிற பொங்கல், எண்ணெயில் கறுக்க வதக்கிய கத்தரிக்காய், பால் கோப்பி. ஒவ்வொன்றும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதையெல்லாம் ஆசையாகத்தான் சாப்பிட்டார். கடைசியாக அண்ணி உள்ளேயிருந்து வந்து, இலையின் வலதுபக்கத்தில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில், பார்சலில் வந்த புதுப் போத்தலை வைத்தார். உரிக்க ஆள் இல்லாததால் நீல மீன் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில், சைவப் படையலில், மீன்.

“எடுங்க அண்ணி அத!”

நான் கத்தியதில் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்த தினேஷ் திரும்பிப் பார்த்தான். அண்ணிக்கு நான் மீனுக்காகக் கத்துகிறேன் என்று பட்டது.

“மீனுன்னு தெரியும்ங்க. அவரு தெனம் சாப்பிட்டதுதானே. உங்க கையால வந்தது. வைக்காட்டி எனக்கு மனசு கேக்காது.”

நான் போய் என் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துவந்தேன். அலுமாரியைத் திறந்து உறைக் கட்டு ஒன்றையும் எடுத்துவந்தேன். இரண்டையும் இலைக்கு முன்னால் தரையில் வைத்தேன். வைத்த வேகத்தில் என் மாத்திரை அட்டை சறுக்கிக்கொண்டு போய்ப் படத்தில் இடித்தது.

“இதத்தான் நானும் போடுறேன். அண்ணன் கிளினிக்குக்குப் போறதுக்கு முந்தியே. எனக்கும் இதே வியாதி. அண்ணன்கிட்ட சொல்லச் சொல்லி டொக்டர் சொன்னா. நான் சொல்லல. மீன் எண்ணெய் இதுக்கு மருந்தே இல்ல அண்ணி. எனக்கு அது தெரியும்.”

தினேஷ் குனிந்து அட்டையை எடுத்தான். உறையில் இருந்த பேரையும் அட்டையில் இருந்த பேரையும் வாய்க்குள் வாசித்தான். அவனுக்கு இருபத்தொன்பது வயது. குனியும்போது அப்படியே அண்ணன்.

“இத ஏன் அத்தை அப்பாகிட்ட சொல்லல?”

திட்டினால் தாங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை. உண்மையிலேயே காரணம் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டான். வெட்கமாக இருந்தது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? ஒரு மனிதருடைய உயிருக்கு எதிராக வைக்க என்னிடம் இருந்தது அந்த வெட்கம் ஒன்றுதான். அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எல காயுதுங்க. முதல்ல கும்பிடுங்க.”

போத்தலை அவர் எடுக்கவில்லை. என் தலைக்கு மேலால் கற்பூரத் தட்டை நீட்டினார். எல்லாரும் கும்பிட்டோம். அண்ணனுக்கும் அந்த மீனுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

மிச்சம் இருந்த நான்கு நாளும் அண்ணி எனக்குச் சோறு போட்டார், வெந்நீர் வைத்துத் தந்தார், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுவரைக்கும் என்னோடு பேசியது போலவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த அந்நியருக்குக் காட்டுகிற மரியாதை அது. தினேஷிடம் இரத்தம் சோதித்துப் பார் என்று கெஞ்சினேன். அப்பா வழியில் உனக்கும் இருக்கலாம், எனக்கு இருக்கிறது, தாத்தாவுக்கு இருந்தது, இளம் வயதிலேயே பார்த்தால் தப்பிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதையெல்லாம் வரி விடாமல் சொன்னேன். வருடக் கணக்காகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னேன். அவன் வடைச் சட்டியில் ஒரு ஈடைத் திருப்பிக்கொண்டே கேட்டான். எடுத்ததும் முதல் வடையைப் பிய்த்து வாயில் போட்டான்.

“கடையப் பாக்கணும் அத்தை. நேரம் வரும்போது பாப்போம்.”

விமான நிலையத்துக்கு அவன்தான் கொண்டுவந்து விட்டான். கண்டியிலிருந்து அங்கே போகும்வரை பாட்டுகூடப் போடவில்லை. பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, “இனிமே பார்சல் அனுப்ப வேணாம் அத்தை” என்றான். சரி என்றேன். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது வேன் போய்விட்டிருந்தது.

இதை வாசிக்கிறவர்களில் எத்தனையோ பேர் என்னைப் போலப் பெட்டி கட்டுகிறவர்களாக இருப்பீர்கள். சொக்லேட் அனுப்புங்கள், சோப் அனுப்புங்கள், எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள். உங்கள் வியாதியையும் அனுப்புங்கள். உங்கள் இரத்தம்தான் அங்கேயும் ஓடுகிறது. இங்கே மருத்துவர் உங்களிடம் சொல்வதில் பாதி அவர்களுக்கானது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். சொல்லாமல் இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் என் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துத் தினேஷுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஒன்றும் எழுதுவதில்லை, படம் மட்டும். அங்கே அப்போது கடையில் காலைக் கூட்டம் ஓய்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழும். பார்த்துவிட்டான். பதில் வராது. கணவர், “அவனுக்கு அலுத்துப் போகுமப்பா, விடும்” என்கிறார். என்னால் விட முடியவில்லை. அவன் சோதித்தானா, மாத்திரை எடுக்கிறானா, அல்லது அவனும் எங்கேயாவது கட்டிவைக்கிறானா, ஒன்றும் தெரியாது. பெரிய மருத்துவமனைகள் இருக்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்டியில் ஒருவனுடைய இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு காலையும் எழும்புகிறேன்.

போன வாரம் முதல்தடவையாக அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. உடனே திறந்தேன். சோதனைத் தாள் இல்லை. கடைச் சுவர். சாமிப் படங்களுக்குக் கீழே அப்பாவின் படம், அதற்குப் பக்கத்தில் அண்ணனின் படம், இரண்டுக்கும் மாலை. அண்ணன் படத்துக்குக் கீழே சின்னத் தட்டு, அந்தத் தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் என் போத்தல். திறக்கப்படவில்லை. அண்ணி அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்திருக்கிறார். பொட்டு நீல மீனின் நெற்றியில் இருக்கிறது. முட்டைகூட நுழையாத அந்தக் கடைக்குள் நான் அனுப்பியது நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. நன்றிக்காக வைத்திருக்கிறார்களா, நான் செய்ததை மறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்களா? படத்துக்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தேன். அனுப்பினேன். பிறகு, அண்ணனுக்குச் சொல்லாத அந்த வெள்ளை மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினேன்.